இயற்கை என்னும் கருத்து: அதன் பிறப்பும் வர்க்கப் பயன்பாடும்

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பு முடிந்து அனைவரும் கலைந்துகொண்டிருந்தபோது, பீன்யா தொழிற்பேட்டையில் பணிபுரியும் தோழர் ஒருவர் என்னிடம் வந்தார். தம்முடன் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைச் சங்கத்தில் சேருமாறு அழைத்திருக்கிறார். அதே இயந்திரம், அதே ஷிப்ட். ஆனால் நிரந்தரத் தொழிலாளி பெறும் ஊதியத்தில் பாதிகூட அந்த நண்பருக்கு இல்லை. அவர் கோபப்படுவார் என்று நம் தோழர் எதிர்பார்த்தார். அவரோ சிரித்துவிட்டு, “ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன?” என்று கேட்டாராம். “உபரி மதிப்பை என்னால் விளக்க முடியும் தோழர். இந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் வாயடைத்துப் போனேன்” என்றார் நம் தோழர்.

இன்றைய தலைப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அது வெறும் பழமொழியன்று. அதற்குள் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. விரல்களின் ஏற்றத்தாழ்வும் ஊதியத்தின் ஏற்றத்தாழ்வும் ஒரே வகையைச் சேர்ந்தவை, இரண்டும் இயற்கை, இயற்கைக்கு யாரும் பொறுப்பல்லர், அதை யாராலும் மாற்ற இயலாது என்று அது வாதிடுகிறது. முதலாளி தன் வாயால் சொன்னால் நாம் நம்ப மாட்டோம். உழைப்பாளியே தன் வாயால் சொல்லிக்கொள்வதில்தான் அதன் வலிமை இருக்கிறது. ஆகவே ‘இயற்கை’ என்ற கருத்து எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, பிறகு யார் கைக்குப் போயிற்று என்பதைப் பார்ப்போம்.

கடவுளர்க்கு எதிராகப் பிறந்த சொல்

இக்கருத்து தோன்றிய காலத்தில் அது புரட்சிகரமானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் என்னும் வணிகத் துறைமுக நகரில், தேலிஸ், அனாக்சிமாண்டர் போன்றோர் ஒரு புதுவகைக் கேள்வியை எழுப்பினர். உலகை யார் படைத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. உலகம் எதனால் ஆனது, எவ்வாறு இயங்குகிறது என்று கேட்டனர். இடி என்பது வானுலக அரசனின் சினம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், மேகத்துக்குள் அடைபட்ட காற்று வெடித்துக்கொண்டு வெளியேறுவதே இடி என்றார் அனாக்சிமாண்டர். விளக்கம் தவறாக இருக்கலாம். அந்த வகையான விளக்கத்தைத் தேடியதுதான் முக்கியம். கிரேக்கர் இதற்குப் பயன்படுத்திய ‘பிசிஸ்’ என்ற சொல் வளர்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. இலத்தீன் ‘நாட்டுரா’ பிறத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது.

இக்கருத்தின் பயனைக் கிரேக்க மருத்துவ நூல்களில் காணலாம். வலிப்பு நோயைக் கிரேக்கர் ‘புனித நோய்’ என்று அழைத்தனர். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் ஒரு நூல், மற்ற நோய்களைவிட இதில் புனிதம் ஏதும் கூடுதலாக இல்லை, இதன் காரணம் மூளையில் இருக்கிறது, தம் அறியாமையை மறைக்க விரும்பிய மந்திரவாதிகளே இதற்குப் புனிதம் கற்பித்தனர் என்று வாதிடுகிறது. ‘இது இயற்கை’ என்ற சொல் பூசாரியின் பிடியிலிருந்து நோயாளியை விடுவித்தது.

இந்தியாவிலும் இதே போராட்டம் நடந்தது. ‘ஸ்வபாவம்’, அதாவது பொருளின் சொந்த இயல்பு என்ற கருத்து, படைப்புக் கடவுள் என்ற கருத்துக்குப் போட்டியாக நெடுங்காலம் நின்றது. உலகின் காரணம் எது என்று ஆராயும் சுவேதாஸ்வதர உபநிடதம், காலம், விதி, தற்செயல் ஆகியவற்றோடு ஸ்வபாவத்தையும் ஒரு விடையாகப் பட்டியலிட்டு, பின்னர் அவற்றை மறுக்கிறது. மறுக்க வேண்டியிருந்தது என்றால், அவ்வாறு நம்பியவர்கள் இருந்தார்கள் என்பதுதானே பொருள்? முள்ளைக் கூர்மையாக்கியது யார், மயிலுக்கு வண்ணம் தீட்டியது யார் என்று ஸ்வபாவவாதிகள் எள்ளலோடு கேட்டனர். உலோகாயதர்களின் நூல்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்துவிட்டன. அவர்களுடைய கருத்துகளை எதிரிகளின் மறுப்புரைகளிலிருந்தே பெரும்பாலும் மீட்டெடுக்க வேண்டியுள்ளது. அந்தப் பணியைச் செய்த தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவின் ‘லோகாயதா’ 1959இல் வெளிவந்தது. சாங்கியத்தின் ‘பிரகிருதி’யும் அப்படித்தான். அது மூலப்பொருள்; அதிலிருந்தே அனைத்தும் விரிகின்றன; பண்டைய சாங்கியத்தில் படைப்புக் கடவுளுக்கு இடமில்லை.

தமிழின் ‘இயற்கை’ என்ற சொல்லும் ‘இயல்’ என்னும் வேரிலிருந்து வருவதுதான். இயலுதல் என்றால் இயங்குதல், நிகழ்தல். பிறத்தல், வளர்தல், ஆக்குதல், இயங்குதல் என்று எல்லா மொழிகளிலும் இச்சொற்கள் வினையிலிருந்து பிறந்திருப்பதைப் பாருங்கள். அசையாத ஒன்றைக் குறிக்க அவை தோன்றவில்லை.

இலக்கணம் கற்றுத்தரும் அரசியல்

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலில், நம் விவாதத்துக்கு மிகவும் பயன்படும் விதிகள் சில உள்ளன. இயற்கையான பொருளைப் பற்றிப் பேசும்போது ‘இத்தன்மையது’ என்று கூற வேண்டும். செயற்கையான பொருளைப் பற்றிப் பேசும்போது ‘ஆயிற்று’ என்ற ஆக்கச் சொல்லைச் சேர்த்துக் கூற வேண்டும் என்கிறார் ஆசிரியர். நீர் குளிர்ச்சியுடையது என்று சொல்லலாம். மண்ணைப் பற்றிச் சொல்லும்போது, அது குடம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. ஆக்கத்தைச் சொல்லும்போது அதன் காரணத்தை முன்வைத்துச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த விதி. குயவர் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, சூளையில் சுட்டதால் மண் குடம் ஆயிற்று.

(அதற்கடுத்த விதி, பேச்சு வழக்கில் காரணம் சொல்லாமலும் ஆக்கச் சொல் வரலாம் என்று சலுகை அளிக்கிறது. நம் நாளிதழ்கள் அந்த ஒரு விதியை மட்டும் ஊன்றிப் படித்திருக்கின்றன போலும். ‘விலை உயர்ந்தது’, ‘வேலை போயிற்று’, ‘நிலம் கைமாறியது’. உயர்த்தியவன் யார், பறித்தவன் யார் என்பது வாக்கியத்தில் இராது.)

ஆளும் வர்க்கக் கருத்தியலின் அடிப்படை வேலையை இந்த இலக்கண மொழியிலேயே சொல்லிவிடலாம். ‘ஆயிற்று’ என்று சொல்ல வேண்டியதை ‘இத்தன்மையது’ என்று அது சொல்கிறது. குடத்தைக் காட்டி, இது மண்ணில் முளைத்தது என்கிறது.

பொருளதிகாரத்திலிருந்து ஒரு செய்தியையும் இங்கே சேர்க்கிறேன். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைப் பட்டியலிடும்போது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றுடன் உணவும், பறையும், மக்கள் செய்யும் தொழிலும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. மனித உழைப்பைக் கழித்துவிட்டு எஞ்சுவதுதான் இயற்கை என்ற எண்ணம் அந்த வரிசையில் இல்லை. இதை ஒரு பொற்காலத்தின் சான்றாக நான் காட்டவில்லை. அங்கும் உயர்ந்தோரும் இழிந்தோரும் இருந்தனர். கருத்துகள் வேறுவிதமாகவும் அமைந்திருக்க முடியும் என்பதற்காகவே சொல்கிறேன்.

கருவி கைமாறிய கதை

கடவுளை விரட்டிய கருவியை உடைமையாளர்கள் விரைவிலேயே தமதாக்கிக்கொண்டனர். அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் தொடக்கத்திலேயே, சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்று வாதிடுகிறார். போரில் தோற்றவர்களும் கடலில் கடத்தப்பட்டவர்களும் சந்தையில் விற்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்டில், அடிமை ‘ஆக்கப்படுவது’ கண்முன்னே நடந்துகொண்டிருந்த நாட்டில், இது எழுதப்பட்டது! இங்கோ, உலோகாயதர்கள் கையிலிருந்த அதே ‘ஸ்வபாவம்’ என்ற சொல்லைக் கொண்டே, நால்வருணத்தாரின் கடமைகளும் அவரவர் இயல்பிலிருந்து பிறந்த குணங்களால் பிரிக்கப்பட்டவை என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறுகிறது.

அம்பேத்கர் 1936இல் எழுதி, அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால் ஆற்றப்படாமல் போன ‘சாதி ஒழிப்பு’ உரையில் இந்த வாதத்தை நேராக எதிர்கொண்டார். இயல்பான திறனைப் பொறுத்து வேலை பிரிந்திருந்தால், பெற்றோரின் நிலையைக் கொண்டு முன்கூட்டியே தொழிலை விதிக்க வேண்டிய தேவை என்ன? இயற்கையாக நடப்பதற்குத் தண்டனைச் சட்டம் எதற்கு என்ற கேள்வியை இதன் தொடர்ச்சியாக நாம் எழுப்பலாம். தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாய வேண்டும் என்று எந்த அரசும் சட்டம் இயற்றியதில்லை. ஆனால் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கியது. வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவை அப்பிரிவிலிருந்து விலக்க, உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பு வரை நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலாளித்துவக் காலத்தில் இக்கருத்து பொருளாதாரத்துக்குள் நுழைந்தது. உணவு உற்பத்தியை மக்கள்தொகை எப்போதும் மிஞ்சும், பட்டினி அதைத் திருத்தும், இது இயற்கை விதி என்று மால்தஸ் 1798இல் எழுதினார். அவர் 1805 முதல் எங்கே ஆசிரியராக இருந்தார் தெரியுமா? இங்கிலாந்தின் ஹெய்லிபரியில், இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த அதிகாரிகளைப் பயிற்றுவித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில். 1834இல் இறக்கும்வரை அங்கேதான் கற்பித்தார்.

அந்தப் பாடத்தின் விளைவை நாம் கூடியிருக்கும் இந்த மண் அறியும். 1876இல் மழை பொய்த்தது, அது இயற்கை. சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மைசூரிலும் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. விலையில் தலையிடுவது சந்தையின் இயற்கை விதிக்கு முரண் என்பது வைஸ்ராய் லிட்டன் அரசின் நிலை. நிவாரணப் பணியில் கல்லுடைத்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 50 இலட்சமாக இருந்த மைசூர் அரசின் மக்கள்தொகை, 1881இல் ஏறக்குறைய 42 இலட்சமாகச் சுருங்கியிருந்தது. மழை பெய்யவில்லை என்பது ‘இத்தன்மையது’. பஞ்சம் ‘ஆயிற்று’.

மனிதரில்லாத காடு

இன்று நம் கட்சித் தோழர்கள் பல மாநிலங்களில் நேருக்கு நேர் சந்திக்கும் இன்னொரு வடிவம் உண்டு. மனிதர் இல்லாத இடமே தூய இயற்கை என்ற எண்ணம்தான் அது.

1841இல் ரைன் பகுதிச் சட்டமன்றம், காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாக்கும் சட்டத்தை விவாதித்தது. இளம் மார்க்ஸ் ‘ரைன் செய்தித்தாளில்’ அதைக் கண்டித்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் தள்ளியவற்றில் இதுவும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார். அதே ரைன் பகுதியில், பான் நகரில் பிறந்த டீட்ரிக் பிராண்டிஸ்தான் 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவரானார். ரயில் தண்டவாளக் கட்டைகளுக்குத் தேக்கும் சாலும் தேவைப்பட்டன. 1865இல் முதல் வனச் சட்டம். 1878இல் அதைவிடக் கடுமையான சட்டம். மக்கள் காலங்காலமாக அனுபவித்ததெல்லாம் உரிமையன்று, அரசு பொறுத்துக்கொண்ட சலுகைதான் என்று வாதிட்டவர் பேடன்-பவல். பிராண்டிஸ் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் வென்றது பேடன்-பவலின் வாதம். மேய்த்தவர் அத்துமீறுபவர் ஆனார், தேன் எடுத்தவர் திருடர் ஆனார்.

விடுதலைக்குப் பின் என்ன நடந்தது என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தை உங்களில் சிலர் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர், ஆயிரமாயிரம் பறவைகள். 1985இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கன்னி இயற்கை என்று தோன்றும். உண்மையில் அது பரத்பூர் மன்னர்கள் கரையும் மதகும் கால்வாயும் அமைத்து, தாழ்நிலத்தில் நீரைத் தேக்கி, வாத்து வேட்டைக்காக உருவாக்கிய இடம். வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்த 1938 நவம்பரில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அந்தப் பெருமை கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சுற்றுப்புறக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமைகளை மேய்த்து வந்தனர்.

பிறகு அது தேசியப் பூங்கா ஆனது. இயற்கையைக் காக்க வேண்டுமானால் எருமை வெளியேற வேண்டும் என்று முடிவாயிற்று. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தவர் மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்தியது. முடிவு என்ன? எருமைகள் மேயாததால் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது; மீன்களும், அவற்றை நம்பிய நீர்ப்பறவைகளும் பாதிக்கப்பட்டன. எருமையும் அதை ஓட்டி வந்த மனிதரும் அந்த ‘இயற்கை’யின் ஓர் உறுப்பாகவே இருந்திருக்கின்றனர். மன்னன் கட்டிய மதகு இயற்கையின் கணக்கில் சேர்ந்தது. உழவனின் எருமை சேரவில்லை. இந்தப் பிரிவினையைச் செய்தது உயிரியல் அன்று.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வனவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதைத் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டது. அதன் பலத்தில்தான், ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் வெட்டுவது பற்றிக் கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஆயினும் 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் பிப்ரவரி 28 அன்று அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர்களில் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பினர் இருந்தனர் என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் எல்லோரும் தீயவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் மனத்திலிருந்த இயற்கையில் ஆதிவாசிக்கு இடமில்லை. சுரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மட்டும் இடமிருப்பது எப்படி என்று, 2023ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தைப் படிப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

நம் பக்கத்துக் கணக்கு

இவ்வளவும் சொன்னபின் நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். மார்க்ஸின் 1841ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வே டெமாக்ரிட்டஸ், எபிக்யூரஸ் ஆகியோரின் இயற்கைத் தத்துவத்தைப் பற்றியதுதான். ‘மூலதன’த்தில் உழைப்பை, மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான பொருள் பரிமாற்றமாக அவர் வரையறுத்தார். நகரம் உண்ணும் சத்து மண்ணுக்குத் திரும்பாமல் போவதை வேதியியலாளர் லீபிக்கிடமிருந்து கற்று, முதலாளித்துவ விவசாயத்தின் மீதான விமரிசனமாக அதை வளர்த்தெடுத்தார். இயற்கையை வென்றுவிட்டோம் என்று மார்தட்டாதீர்கள், ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிவாங்கும் என்று எச்சரித்தவர் எங்கெல்ஸ்.

ஆனால் சோவியத் ஒன்றியம் 1960களிலிருந்து ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. உலகின் மாபெரும் உள்நாட்டு நீர்நிலைகளில் ஒன்றான ஆரல் கடல் வற்றியது. மீனவர் ஊர்கள் மணல்வெளியின் நடுவே நின்றன. ‘இயற்கையை அடக்குவோம்’ என்ற முழக்கம் எங்கெல்ஸிடமிருந்து வந்ததன்று. அது முதலாளித்துவத்தின் பழைய முழக்கம். நம் கொடியின் கீழும் ஒலித்தது. முற்றுகையைச் சுட்டிக்காட்டி இதற்குச் சமாதானம் சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். நான் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. காரணத்தை முன்வைத்துச் சொல்ல வேண்டும் என்ற விதி நமக்கும் பொருந்தும்.

இனி அந்த ஐந்து விரலுக்கு வருவோம்.

‘மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பாத்திரம்’ என்ற எங்கெல்ஸின் கட்டுரை 1876இல் எழுதப்பட்டு, அவர் மறைந்தபின் 1896இல் வெளிவந்தது. கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளும் ஆகும் என்பது அதன் மையக் கருத்து. கல்லைப் பற்றி, கோலைப் பிடித்து, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் உருவான கை இது. அதாவது, அந்த நண்பர் இயற்கைக்குச் சான்றாக நீட்டிய விரலே வரலாற்றில் ‘ஆன’ விரல். கட்டைவிரல் குட்டையாக, எதிர்ப்புறம் மடங்குமாறு இருப்பதால்தான் மற்ற நான்கோடு சேர்ந்து ஸ்பேனரைப் பிடிக்க முடிகிறது. ஆனால் ஒரு விரலின் இரத்தத்தை இன்னொரு விரல் உறிஞ்சி வளர்ந்ததாக எந்த உடலிலும் இல்லை.

ஊதிய வேறுபாடோ நேற்று ஆக்கப்பட்டது; ஆக்கியவரின் கையெழுத்துகூட ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகளில், ஒரே வகையான வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நேரடித் தொழிலாளிக்கு உரிய அதே ஊதியம் என்பது உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதப்பட்டிருந்தது. தொழிற்சாலை வாயிலுக்குள் அது நுழையவில்லை, அவ்வளவுதான்.

அந்த நண்பர் வேலை செய்வது பவர் பிரஸ் பிரிவில் என்று பிறகு அறிந்தேன். அந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு ஐந்து விரலும் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உற்பத்தி வேகம் குறைகிறது என்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவைக்கச் சொன்னவர் யார் என்றும் கேளுங்கள். போன விரலை இயற்கை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நம் தோழர் இன்று அவரையும் அழைத்து வந்திருக்கிறார். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். கேள்வி நேரத்தை அவரிடமிருந்தே தொடங்குவோம்.